பல்லாவரத்துக் கல்லும் புறூஸ் பூட் பெருமகனாரும்

பழமை பாராட்டுதல் நம்மவர்க்கு உடன்பிறந்த இயல்பு. கோயிலாயினும் குளமாயினும், நூலாயினும் குடியாயினும், அதன் தொன்மை எத்துணை என்று வினாவிய பின்னரே அதனை மதிக்கத் தொடங்குகின்றோம். இஃது ஒரு குற்றமன்று. முன்னோரை மறந்த சமுதாயம் வேரற்ற மரம் போன்றது. ஆயினும் தொன்மை உண்டென்று கூறுதல் வேறு. அதனைக் காட்டுதல் வேறு. முன்னதற்கு நா ஒன்றே போதும். பின்னதற்குக் கண்ணும் காலும் பொறுமையும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, சான்று எவ்வளவு சொல்லுகின்றதோ அவ்வளவே சொல்லி அமையும் அடக்கம் வேண்டும்.

இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாளாலேயே விளக்கிக் காட்டிய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன். அவர் தமிழரல்லர், தமிழ்ப் புலவருமல்லர். மலையையும் மண்ணையும் ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட ஆங்கிலேயர். றொபேட் புறூஸ் பூட் என்பது அவர் பெயர். மனித இனத்தின் மூதாதையர் உலகெங்கும் பரந்து சென்ற வழியைத் தேடும் அறிஞர்கள், தென்னிந்தியாவைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அவர் பெயரிலிருந்தே தொடங்குகின்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றோடு அவர் குடும்பத்துக்கு ஒரு நெருங்கிய தொடர்பும் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

பூட் 1834ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 22ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செல்ட்டனம் என்னும் நகரிற் பிறந்தார். 1858ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், தமது இருபத்துநான்காம் வயதில், இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்தார். புவிச்சரிதவியல் என்பது பாறைகளும் மண்படைகளும் உண்டான வரலாற்றை ஆராயும் கலை. நிலக்கரியும் உலோகங்களும் எங்கெங்கே கிடைக்கும் என்பதை அறியும் பொருட்டு அத்திணைக்களம் 1851இல் தோமஸ் ஓல்ட்காம் என்பவரின் தலைமையில் நிறுவப்பட்டது. பூட் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளில் வில்லியம் கிங் என்னும் உடனுழைப்பாளரோடு சேர்ந்து பாறைகளின் அமைப்பை ஆராய்வது அவருக்கு முதலிற் கிடைத்த பணிகளுள் ஒன்று. பழங்கால மனிதரைத் தேடும்படி அவரை எவரும் ஏவவில்லை. அத்தேடல் அவர் தாமாக மேற்கொண்டது.

அவர் இந்தியாவில் வேலை தொடங்கிய காலம் ஐரோப்பிய அறிவுலகம் ஒரு பெரிய மாற்றத்துக்கு உள்ளாகியிருந்த காலம். பிரான்சு நாட்டிற் சொம் என்னும் ஆற்றங்கரையில் அபவில் என்றோர் ஊர் உண்டு. அங்கே பூஷே த பேர்த் என்ற சுங்க உத்தியோகத்தர் ஒருவர், மறைந்தொழிந்த யானை இனங்களின் எலும்புகள் கிடந்த சரளைப் படையிலிருந்தே மனிதன் செதுக்கிய கற்களும் கிடைக்கின்றன என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். அறிஞர் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1859ஆம் ஆண்டில் யோசேப் பிறெஸ்ற்விச், யோன் எவன்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர் நேரிற் சென்று, கல் கிடந்த இடத்தைத் தம் கண்ணாற் கண்டு, அவர் கூற்று மெய்யென ஏற்றனர். மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றிருந்த எண்ணம் அதனோடு தகர்ந்தது. ஐரோப்பாவின் ஆற்றுச் சரளையில் உள்ளது தென்னிந்தியாவின் சரளையிலும் இருத்தல் கூடாதா என்ற வினா பூட்டின் உள்ளத்தில் எழுந்தது. வினா உள்ளத்தில் இருந்தமையாலேதான் விடை கண்ணிற் பட்டது என்பேன்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் அந்த விடை கிடைத்தது. சென்னப்பட்டினத்துக்குத் தெற்கே பல்லாவரம் என்னும் இடத்தில் அக்காலத்திற் படைவீரர் பாளையம் ஒன்று இருந்தது. அதன் அணிவகுப்புத் திடலை அடுத்துச் சரளை அகழ்ந்தெடுத்த பள்ளம் ஒன்று காணப்பட்டது. அங்குள்ள படை செம்புறைக்கல் சார்ந்தது. இலங்கையில் நாம் கபுக்கல் என வழங்கும் இனத்தது. அப்பள்ளத்திலிருந்து வந்த சரளையில் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லாலானது. இரு முகமும் செதுக்கப்பட்டுக் கைக்கு அடங்கும் வடிவிலமைந்தது. இந்திய உபகண்டத்திற் பழைய கற்காலக் கருவி இன்னதென்று அறிந்து எடுக்கப்பட்ட முதற் கல் அதுவே. அவ்வழியாக எத்தனையோ பேர் போயிருப்பர். அகழ்ந்தவர் கையிலும் அத்தகைய கற்கள் பலமுறை அகப்பட்டிருக்கும். அவர்களுக்கு அது சரளை. அவருக்கு அது சான்று.

ஒரு கல்லை மனிதன் செதுக்கினானா, ஆற்றுவெள்ளம் உருட்டி உடைத்ததா என்பதை எங்ஙனம் அறிவது என்று வாசகர் வினவலாம். வெள்ளத்தில் உடைந்த கல் நோக்கமின்றி உடையும். மனிதன் உடைத்த கல்லிலோ ஒவ்வோர் அடியும் ஒரு கருத்தோடு விழுந்திருக்கும். கடுங்கல்லொன்றின் விளிம்பில் மற்றொரு கல்லால் அடிக்கும்போது சில்லு பெயர்ந்து, பெயர்ந்த இடத்திற் சிப்பி போன்ற குழி விழுகின்றது. அத்தகைய குழிகள் ஒரு முகத்தில் வரிசையாக அமைந்து, பின் மறுமுகத்திலும் அங்ஙனமே அமைந்து, இரண்டும் சந்திக்கும் இடத்திற் கூரிய விளிம்பு பிறக்குமாயின், அதனைச் செய்த கைக்கு முன்னே ஒரு மனம் இருந்தது என்பது தெளிவு. இவ்வகைக் கருவியைக் கைக்கோடரி என்பர். பிடியில்லாத கோடரி அது. கையே அதற்குப் பிடி. பிரான்சிலுள்ள சந்த் அச்சூல் என்னும் இடத்தின் பெயரால் இக்கருவிகளைச் செய்யும் மரபு அச்சூலியன் மரபு எனப்படுகின்றது.

ஒரு கல் கிடைத்தது என்று பூட் அமைந்துவிடவில்லை. ஒற்றைச் சான்றை நம்பி வழக்குரைக்கலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வாண்டு செத்தெம்பர் மாதம் 28ஆம் நாள் வில்லியம் கிங்குடன் சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் படுகையில், இன்று பூண்டி நீர்த்தேக்கம் இருக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். மழைநீர் அறுத்த ஓடைகளின் கரைகளிலே கற்கருவிகள் பலவாகக் கிடந்தன. சில கருவிகள் மண்படையினுள்ளே பொதிந்தபடியே காணப்பட்டன. இந்தப் பின்னைய செய்தியே முக்கியமானது. மேற்பரப்பிற் கிடக்கும் கல்லை நேற்று ஒருவன் எறிந்திருக்கலாம். படையினுட் பொதிந்த கல்லோ, அப்படை படிந்த காலத்திலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதாதல் வேண்டும்.

அத்திரம் என்பது படைக்கலத்துக்கு ஒரு பெயர். கற்கருவிகள் நிறைந்த ஊருக்கு அத்திரம்பாக்கம் என்று பெயர் வாய்த்திருப்பதைக் கண்டவுடன் என் போன்ற பண்டிதனுக்கு நா ஊறுகின்றது. பெயரொப்புமையைப் பற்றிக்கொண்டு ஒரு புராணத்தையே கட்டிவிடலாம். அது சான்றாகாது. ஊர்ப்பெயர் சில நூற்றாண்டுகளின் வழக்கு. கருவிகளோ அப்பெயரை வழங்கிய மொழிக்கும், அம்மொழியைப் பேசியோருக்கும், எண்ணிப் பார்த்தற்கரிய காலத்துக்கு முற்பட்டவை. சொல்லைக் கண்டு மயங்காமல் கல்லைக் கண்டு எழுதியமையே பூட் அவர்களின் சிறப்பு.

அவருடைய முறை மிக எளியது. ஒவ்வொரு கருவியும் எவ்வூரில், எந்த ஓடையருகில், எத்தகைய மண்படையிற் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டார். கருவி எத்தகைய கல்லாலானது, அக்கல் அருகிலுள்ள எம்மலையிலிருந்து வந்திருக்கலாம் என்பதையும் ஆராய்ந்தார். அத்திரம்பாக்கப் பகுதிக் கருவிகளுக்கு மூலமான உருண்டைக் கற்கள் அல்லிக்குழி மலைகளின் கற்படைகளிற் கிடைப்பதை அக்கால ஆய்வு காட்டியது. ஏடு பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஒரு செய்யுளடி தனியே கிழிந்த ஓலையிற் கிடைத்தால், அது எந்நூலது, எப்படலத்தது, முன்பின் என்ன என்று அறியாது தடுமாறுகின்றோம். அதே அடி சுவடியில் தன் இடத்தில் இருக்குமாயின் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதற்கு உரை கூறும். மண்படையும் ஒரு சுவடியே. அதிலிருந்து கல்லைப் பிடுங்கி இடத்தைக் குறிக்காது விடுபவன் ஏட்டைக் கிழித்தவனாவான்.

ஏட்டுச் சுவடியைப் பற்றிக் கூறியபோது யாழ்ப்பாணத் தொடர்பு நினைவுக்கு வருகின்றது. பூட் 1862ஆம் ஆண்டில் எலிசபெத் ஆன் என்னும் பெண்மணியை மணந்தார். அவர் வேறு யாருமல்லர். நம்மவர் நன்கறிந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மகளார். 1826இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன் மிசன் பாதிரியாராகிய பேர்சிவல், பிற்காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலையை நடத்தினார். நல்லூர் ஆறுமுக நாவலர் அங்கே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலைத் தமிழிற் பெயர்க்கத் துணைபுரிந்த வரலாறு யாவரும் அறிந்தது. பின்னர்ச் சென்னை சென்ற பேர்சிவல் அங்கே மாகாணக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார். தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை 1855இல் தொடங்கினார். அதனை நடத்த அவர் அழைத்த இளைஞரே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அவர் 1874இல் வெளியிட்ட நூல் இன்றும் பயன்படுகின்றது.

மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருகர் மக்கள் காலடியிற் கிடந்த கற்களைத் திரட்டினார். மாமனாரின் அருகிருந்த நாவலரும் தாமோதரம்பிள்ளையும் செல்லரித்த ஓலைகளை ஒப்புநோக்கி அச்சேற்றினர். மருகர் ஓலைக்கும் எழுத்துக்கும் முற்பட்ட ஆவணத்தைப் படித்தார். ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றனர் என்று கூற யான் துணியேன். ஒரே காலத்தில், ஒரே நகரைச் சூழ்ந்து, சிதறிக் கிடந்த பழமையை ஒழுங்காகத் திரட்டும் பணி இருவேறு துறைகளில் நடைபெற்றது என்பதே போதும்.

தாம் கண்டவற்றை பூட் 1866ஆம் ஆண்டில் சென்னை இலக்கிய விஞ்ஞான சஞ்சிகையில் விரிவாக வெளியிட்டார். 1868இல் இங்கிலாந்தின் நோரிச் நகரிற் கூடிய வரலாற்றுக்கு முற்பட்ட தொல்லியல் மாநாட்டின் முன்னும் அவருடைய கட்டுரை வைக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியேயும் அதே வடிவக் கருவிகள் உண்டு என்ற செய்தி அறிஞரைச் சிந்திக்க வைத்தது. அக்கருவிகளின் வயதை ஆண்டுக் கணக்கிற் கூற அன்று வழியில்லை. மண்படைகளின் முன்பின் முறையைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்பதை மட்டுமே கூறலாம். பூட் அவ்வெல்லைக்குள்ளேயே நின்றார்.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அவர் தேடல் ஓயவில்லை. தொழில் முறையில் அவர் செய்தவையும் சிறியனவல்ல. கன்னட நாட்டிற் பொன்னும் இரும்பும் பொதிந்த பழம்பாறைத் தொகுதிக்குத் தார்வார் எனப் பெயரிட்டவர் அவரே. கோகாக்கு அருகே, மறைந்தொழிந்த காண்டாமிருக இனமொன்றின் எலும்புகளைக் கண்டு 1874இல் விவரித்தார். பல்லாரிப் பகுதியிற் குன்றுகள்போற் கிடந்த சாம்பல் மேடுகளை ஆராய்ந்து, அவை ஆநிரைகளின் சாணம் எரிந்து உருகியதால் ஆனவை எனக் கொண்டார். எரிமலைச் சாம்பல் என்றும் அரக்கரை எரித்த இடம் என்றும் கூறப்பட்டுவந்த அவை, புதிய கற்காலத்து ஆயரின் பட்டிகளில் எழுந்தவை என்பதைப் பிற்காலத்தில் றேமண்ட் ஓல்சின் என்பவரின் அகழ்வாராய்ச்சி உறுதிசெய்தது. திருநெல்வேலிச் செந்நிலத் தேரிகளிலும் சிறு கற்கருவிகளை முதலிற் கண்டவர் அவரே.

கருவிகளைக் கண்டவர் கருவி செய்தவரைக் காண விரும்புதல் இயல்பு. கர்நூல் மாவட்டத்துப் பில்லா சுர்கம் குகைகளில் பழைய விலங்கெலும்புகள் உண்டென்பது முன்னரே தெரிந்திருந்தது. பூட்டும், படையில் அதிகாரியாயிருந்த அவர் மகன் என்றி பூட்டும் 1884இலும் 1885இலும் அங்கே அகழ்ந்தனர். விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. எலும்பாற் செய்த கருவிகள் என்று அவர்கள் கருதியவையும் கிடைத்தன. எதிர்பார்த்த பழங்கற்கால மனிதனின் எலும்பு கிடைக்கவில்லை. கிடைத்ததாகக் கூறிப் புகழடைய எண்ணுபவர் எக்காலத்தும் உண்டு. அவரோ கிடைத்ததையே எழுதினார்.

அவர் கருத்துக்கள் யாவும் நிலைபெற்றன என்று கூறுதல் மிகையாகும். பழைய கற்கால மனிதருக்கும் புதிய கற்கால மனிதருக்கும் இடையே, நாட்டில் மனிதரே இல்லாத பெரியதோர் இடைவெளி இருந்தது என அவர் எண்ணினார். குஜராத்தின் சபர்மதி ஆற்றங்கரையில் இரு காலக் கருவிகளுக்கும் இடையே திரண்டு கிடந்த மண்படை அவரை அங்ஙனம் எண்ணச் செய்தது. அவ்விடைவெளியை நிரப்பும் இடைக் கற்காலக் கருவிகள் பின்னர் நாடெங்கும் அறியப்பட்டமையால் அக்கருத்து இன்று கைவிடப்பட்டது. ஆனால் அதனைக் கைவிடுதற்கு வேண்டிய சான்றுகளுட் சில அவருடைய சேகரிப்பிலேயே இருந்தன. கருத்துப் பிழைபட்டாலும் குறிப்புப் பிழைபடாதாயின், பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம்.

1891ஆம் ஆண்டில், முப்பத்து மூன்று ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வு பெற்றார். தாய்நாடு திரும்பி வாளாவிருக்கவில்லை. பரோடா, மைசூர் ஆகிய சமஸ்தானங்களிலும் பாறை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். சேலத்துக்கு அருகிலுள்ள ஏற்காட்டு மலையில் வாழ்ந்தார். பேர்சிவல் பாதிரியாரும் 1882இல் அம்மலையிலேதான் உயிர்நீத்தார். நானூறுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பாது, 1904இற் சென்னை அரசாங்கத்துக்கே விலைக்குக் கொடுத்தார். அவை எழும்பூர் நூதனசாலையைச் சேர்ந்தன. பின்னர் ஒவ்வொன்றுக்கும் இடமும் தன்மையும் கூறும் பெரும் பட்டியலைத் தொகுப்பதில் முதுமையைச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். பட்டியல் 1914இலும், அப்பொருள்களின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புரை 1916இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சிற் காண அவர் இருக்கவில்லை.

நூலாசிரியன் இறந்தபின் அவன் நூலுக்கு உரை எழுந்து அதனை விளக்குவதுபோல, பூட் மறைந்தபின் அத்திரம்பாக்கத்துக்கும் உரைகள் எழுந்தன. 1930ஆம் ஆண்டுகளில் பற்றர்சன், வி. டி. கிருஷ்ணசுவாமி முதலியோர் கொற்றலையாற்றுப் படுகையை மீண்டும் ஆராய்ந்தனர். 1960ஆம் ஆண்டுகளில் கே. டி. பானர்ஜி அங்கே அகழ்ந்தார். 1999ஆம் ஆண்டு தொடக்கம் சாந்தி பப்பு அம்மையார் முறையான அகழ்வாராய்ச்சி நடத்தினார். பூட் எழுதிவைத்த குறிப்புக்கள் இருந்தமையால், நூற்று முப்பது ஆண்டுகளின் பின்னும் தேடுவோர்க்கு இடம் தெரிந்திருந்தது.

அவ்வகழ்வில் ஓர் அதிசயம் வெளிப்பட்டது. செஞ்சரளைக்குக் கீழே தடித்த களிமண் படை ஒன்று உண்டு. அது மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த பழம்படை என்றும், அதனுள் கருவிகள் இருக்க வழியில்லை என்றும் முன்னையோர் கொண்டிருந்தனர். அகழ்ந்து பார்த்தபோது அக்களிமண்ணின் உள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன. அது ஆற்று வெள்ளம் சிறிது சிறிதாகப் படிவித்த மண்ணென்பதும் தெளிவாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணும் அடித்தளமே சிலவேளை முதலேடாக அமைகின்றது.

அதன் வயதை அறிந்த முறையும் வியப்புக்குரியது. வானவெளியிலிருந்து இடையறாது வரும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள கல்லிற் பாயும்போது, அதனுள் அலுமினியம், பெரிலியம் என்பவற்றின் அரிய வகைகள் மிகச் சிறிதளவில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் கதிர் எட்டாது; புதியவை உண்டாவதும் நிற்கும். முன்னிருந்தவையோ வெவ்வேறு வேகத்திற் சிதைந்துகொண்டே போகும். இரண்டிலும் எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் கல் புதைந்த காலம் புலனாகும். இதனோடு களிமண்ணிற் பதிந்திருந்த காந்தத் திசையையும் ஆராய்ந்தனர். பூமியின் காந்த முனைகள் இறுதியாகத் திசைமாறிய ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அது படிந்தது எனத் தெரிந்தது. 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிபு, அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டு வயது என்பது. அதே இடத்தின் மேற்படைகளில், கைக்கோடரி மரபு மாறிச் சிறு சில்லுக் கருவிகள் தோன்றிய காலம் ஏறக்குறைய 385,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2018இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வெண்களின் பொருள் யாது? கைக்கோடரி செய்யும் மரபின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஆபிரிக்காவில், கென்யா நாட்டின் துர்க்கானா ஏரிக்கரையில், ஏறக்குறைய 17 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு உரியது. மனித மூதாதையர் ஆபிரிக்காவை விட்டு வெளியேறியதற்குக் காக்கசஸ் மலையடியிலுள்ள ஜோர்ஜியா நாட்டுத் த்மானிசி சான்று பகர்கின்றது. அங்கே ஏறக்குறைய 18 இலட்சம் ஆண்டு வயதுடைய மண்டையோடுகள் கிடைத்துள்ளன. கிழக்கே யாவாத் தீவிலோ, 1891இல் யூஜீன் துபுவா கண்டெடுத்த எலும்புகள், நிமிர்ந்து நடந்த பழைய மனித இனம் அத்தீவு வரை சென்றதைக் காட்டின. ஆபிரிக்காவுக்கும் யாவாவுக்கும் இடையே கிடக்கும் நீண்ட வழியில் இந்திய உபகண்டம் இருக்கின்றது. அவ்வழியிற் கைக்கோடரி ஏந்தியோர் தமிழ்நாட்டின் ஆற்றங்கரைக்கு எத்துணை முற்காலத்தில் வந்துவிட்டனர் என்பதை அத்திரம்பாக்கம் காட்டுகின்றது. 1863இற் பூட் கேட்ட வினாவுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின் கிடைத்த விடை இது.

இவ்விடத்தில் என் மாணாக்கர்க்கும் வாசகர்க்கும் ஒன்றை அழுத்திக் கூறுதல் கடமை. பதினைந்து இலட்சம் ஆண்டு என்று கேட்டவுடன், தமிழர் அத்துணைப் பழையர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது முற்றிலும் பொருந்தாது. நம் போன்ற மனிதர், அதாவது இன்று உலகில் வாழும் மனித இனம் முழுவதும், தோன்றியதே ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுகளுக்குள் என்பது இன்றைய அறிஞர் துணிபு. அத்திரம்பாக்கத்திற் கல் செதுக்கியவர் நம்மினும் வேறான, மறைந்துபோன, பழைய மனித இனத்தவர். அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. உபகண்டம் முழுவதிலும் அத்தகைய பழைய மனிதரின் மண்டையோடு என்று கூறத்தக்கது, 1982இல் நருமதை ஆற்றங்கரையில் அத்நோராவிற் கிடைத்த ஒன்றே. அதுவும் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு மிகவும் பிற்பட்டது. அவர்கள் பேசினரா, பேசினராயின் எங்ஙனம் பேசினர் என்பவற்றுக்குக் கல் விடை கூறாது. கல் கூறாததை நாம் கூறலாகாது.

ஆயின் அம்முன்னோர்க்கும் நமக்கும் உறவே இல்லையா எனின், உண்டு. அது குல உறவன்று, மொழி உறவுமன்று. கரடுமுரடான கல்லிற் கூரிய விளிம்பைக் கண்ணால் காணுமுன்னே மனத்தாற் கண்டானே, அந்த மனத்தின் உறவு. அவ்வுறவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உலக மாந்தர் யாவர்க்கும் பொது. தனியுரிமை கொண்டாடும் பெருமையினும் இப்பொதுவுரிமை எனக்கு மேலானதாகத் தோன்றுகின்றது.

இலங்கையிலும் இத்தகைய ஏடுகள் மண்ணிற் கிடக்கின்றன. வன்னியின் இரணைமடுப் பெயரால் அழைக்கப்படும் செம்மண், சரளைப் படைகளில் பழங்கற்கருவிகள் கிடைத்துள்ளன. எஸ். யூ. தெரணியகல 1992இல் வெளியிட்ட பெருநூல் அவற்றை விரிவாக ஆராய்கின்றது. ஆனால் சரளை வீதிக்கும் வீட்டுக்கும் வேண்டும், நாள்தோறும் அகழப்படுகின்றது. பல்லாவரத்துக் கல்லும் அங்ஙனம் அகழ்ந்த பள்ளத்திலிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது. அகழ்வதை நிறுத்து என்று கூற என்னால் இயலாது. மாணாக்கர் வழியிற் கிடக்கும் விந்தையான கல்லைக் கண்டால், எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளுமுன், அது எங்கே, எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று குறித்து, அறிந்தார்க்கு அறிவிக்கப் பழகுவராயின் அதுவே பெரும்பணி. புறூஸ் பூட் பெருமகனார் தம் ஐம்பதாண்டு உழைப்பில் வேறொன்றும் செய்திலர். கண்டார், கண்ட இடத்தைக் குறித்தார், குறித்ததற்கு மேல் ஒன்றும் கூட்டிச் சொல்லாதிருந்தார். அதனாலேயே அவர் சொல் இன்றும் நிற்கின்றது.